நூற்றிப்பத்து ஓட்டை

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் வாசலில் ஒரு கதிரை நிற்கிறது.

"ஆரும்மா கொண்டு வந்த?"

"ஆரோ ஒரு பொடியன். கதிர பின்றவர்ர ஊடு இதானே ண்டு கேட்டான். ஓம் ண்டன். வெச்சிட்டுப் போறான்."

இருபத்திரண்டு வருசம் வங்கியில் குந்தி மற்றவர்களின் காசை எண்ணியவன் நான். ஊரில் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. நாலு கதிரை பின்னினேன், 'கதிர பின்றவர்' ஆகிவிட்டேன். உம்மாவுக்கு இதில் பெருமையா வெட்கமா என்று இன்னும் பிடிபடவில்லை.

வந்த கதிரையைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல தேக்கு. முதுகுப் பக்கம் லேசாக வளைத்துக் கடைந்த கால்கள். ஆனால் குந்துகிற இடத்தில், பிரம்பு பிய்ந்துபோனதும் ஆரோ ஒருவர் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை வெட்டி வைத்து, எட்டு ஆணி அடித்திருக்கிறார். அதுவும் ஒன்றரை அங்குல ஆணி. அடித்தவருக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும், கையில் சுத்தியலை மட்டும் கொடுக்க வேண்டாம். எட்டில் இரண்டு ஆணி பிரம்பு கோர்க்கிற ஓட்டைகளுக்கு நடுவால் இறங்கி, சட்டத்தை நீளத்துக்கு வெடிக்க வைத்துவிட்டது.

எனக்கு இதில் ஒரு தீராத ஆத்திரம் உண்டு. நம்முடைய ஊர்களில் பிரம்பு பிய்ந்தால் "கதிர உடஞ்சி பெய்த்து" என்கிறோம். கதிரை எங்கே உடைந்தது? சைக்கிள் டயர் தேய்ந்தால் சைக்கிள் போய்விட்டது என்று சொல்வோமா? பிரம்பும் டயர் மாதிரித்தான். இருபது முப்பது வருசம் உழைக்கும், பிறகு மாற்ற வேண்டும். மாற்றுவதற்காகத்தான் தச்சன் சட்டத்தைச் சுற்றி ஓட்டை போட்டு வைத்திருக்கிறான். இருந்தும் எத்தனையோ வீட்டுப் பின்வளவில் நல்ல முதிரைச் சட்டங்கள் கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன. முன் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரை.

எங்களுடைய வீட்டுக் கதிரையும் அப்படித்தான் கிடந்தது. அதன் கதையைச் சொல்கிறேன்.

'கதிரை' என்ற சொல்லே நம்முடையதில்லை. போர்த்துக்கீசர் 'கதெய்ரா' என்றார்கள், இலங்கைத் தமிழில் நாம் கதிரை ஆக்கிக்கொண்டோம். மேசை, அலுமாரி, யன்னல், சாவி எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவை. அதற்கு முன்னம் பாயும் திண்ணையும்தான். இந்தக் கிழக்குக் கரையில் கதிரை போட்டு இருந்தவர் என்றால் ஒன்று விதானையார், இல்லாவிட்டால் போடியார். மூத்தாப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, போடியார் இல்லை. கொஞ்ச வயல்காரர். ஆனால் ஒரு நல்ல போகத்துக்குப் பிறகு ஆறு கதிரை செய்வித்தாராம். கல்லோயாத் திட்டத்துக்குக் காடு வெட்டிய காலம் அது, 1950களின் தொடக்கம். முதிரை மரம் கரத்தையில் வந்து இறங்குமாம். உம்மா சொல்வார்: தச்சர் எங்கள் வளவிலேயே இரண்டு மாதம் தங்கி வேலை செய்தார், பகல் சாப்பாடும் வெற்றிலையும் மூத்தம்மாவின் பொறுப்பு, சுருள்சுருளாக விழுந்த சீவலைப் பிள்ளைகள் காப்பு என்று கையில் மாட்டிக்கொண்டு திரிந்தோம் என்று.

நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறவர். ஆகவே ஆறு கதிரையும் வீட்டோடு உம்மாவுக்கு வந்தன. கதிரைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, அவற்றில் குந்திய ஆண்கள்தான் மாறினார்கள்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிக்குக் கொஞ்சம் தெற்கே, றோட்டுக்குக் கடல் பக்கம் எங்கள் வீடு. சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். அந்தக் கதையை நான் இங்கே எழுதப்போவதில்லை, இருபது வருசமாகியும் அதற்கு எனக்கு வசனம் வரவில்லை. கதிரையை மட்டும் சொல்கிறேன். ஆட்களைத் தேடுகிற நேரத்தில் கதிரையை ஆர் தேடினார்? மூன்றாம் கிழமையோ என்னவோ, முன்னூறு யார் உள்ளே ஒரு வேலியில் இரண்டு கதிரை சிக்கிக் கிடப்பதாக ஒருவர் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். இரண்டிலும் பிரம்பு இல்லை. தண்ணீர் அந்த வழியால் போயிருக்கிறது. பிரம்பு பிய்ந்து வழி விட்டதால்தான் சட்டம் தப்பியது என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. பலகை போட்ட கதிரைகள் ஒன்றுகூட முழுசாகக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டும் புது வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் பதினேழு வருசம் நின்றன. ஒன்றில் வாப்பா நைலோன் கயிறு கட்டிப் பார்த்தார், மீன் வலை மாதிரி. குந்தினால் தொடையில் வரி வரியாக அச்சு விழும். சொல்லப்போனால் பிரம்பு என்றாலே என் வயதுக்காரருக்கு அச்சுத்தான் ஞாபகம். ஓதப் போன இடத்தில் லெப்பையின் கையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் அதிபரின் மேசையில் ஒன்று. அதே செடியில் ஆளைத் தாங்குகிற வேலையும் இருக்கிறது என்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரவில்லை.

2022 பங்குனிக் கடைசி. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, ஒரு கட்டத்தில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. நோன்பு தொடங்க ஒரு சில நாள் இருந்தது. இருட்டில் போனையும் பார்க்க முடியாது, சார்ஜ் வேண்டும். அப்போதுதான் அலுமாரிக்கு மேல் ஒரு சாக்குப் பை ஞாபகம் வந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னம் கொழும்பிலிருந்து கண்டிப் பாதையால் வரும்போது வாங்கிய பிரம்பு.

நிட்டம்புவைக்கும் வரக்காபொலைக்கும் இடையில் வேவல்தெனிய என்ற ஊர் இருக்கிறது. பாதையின் இரண்டு பக்கமும் பிரம்புக் கடைகள். கூடை, விளக்குக்கூடு, தொட்டில், ஊஞ்சல். சிங்களத்தில் 'வேவல்' என்றால் பிரம்பு, ஊரின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. அங்கே கடைக்காரரிடம் கதிரை பின்ன நார் வேண்டும் என்றதும் அவர் முதலில் கேட்டது, "ஓட்டைக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு தூரம்?" நான் முழித்தேன். போன் போட்டு மகளை அளக்கச் சொன்னேன். அரை அங்குலம். ஓட்டை கால் அங்குலம். "அப்ப இதுதான்" என்று ஒரு கட்டை எடுத்துத் தந்தார். நெருக்கமான ஓட்டைக்கு மெல்லிய நார், எட்டமான ஓட்டைக்கு அகன்ற நார். மாறிப்போனால் ஒன்று கடைசி இழை நுழையாது, இல்லாவிட்டால் பின்னல் சல்லடை மாதிரி ஆகிவிடும்.

பிரம்பு மூங்கில் இல்லை, தெரியுமா? அது பனை, தென்னை வம்சம். நிமிர்ந்து நிற்கத் தெரியாத பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி முள்ளால் பக்கத்து மரத்தைப் பிடித்து ஏறும். சில இனங்கள் நூறு மீற்றரையும் தாண்டி வளரும். மூங்கிலுக்கு உள்ளே குழல், பிரம்புக்கு உள்ளே கெட்டி. கதிரைக்கு வேண்டியது அதன் தோல், மினுக்கமான வெளிப்பக்கம். அதைக் கீறி நாராக்கி எடுத்த பிறகு உள்ளே மிஞ்சுகிற தண்டு கூடைக்குப் போகும்.

இந்தத் தோலின் பெருமை கடல் கடந்தது. 1660களில் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களில் பிரம்பு போய் இறங்கியதும் இலண்டனில் பிரம்புக் கதிரைக்குப் பெரிய மோகம். மெத்தைக்குத் துணி நெய்கிற கம்பளிக்காரர்கள் தங்கள் பிழைப்புப் போகிறது என்று நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். பிரம்புக் கதிரைக்காரர்கள் திருப்பிச் சொன்ன வாதம் எங்கள் உம்மாவும் சொல்லக்கூடியது: பாரமில்லை, தூசு தங்காது, பூச்சி அரிக்காது. நம்முடைய வெக்கைக்கு அதோடு காற்றும் போகும். ஒல்லாந்தர் இங்கே இருந்தபோது கருங்காலியிலும் முதிரையிலும் பிரம்பு வைத்துச் செய்வித்த கதிரைகளைப் பற்றி ஆர். எல். புரோகியர் 1969இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கொழும்பு போனால் புறக்கோட்டையில் ஒல்லாந்தர் அருங்காட்சியகத்தில் சில நிற்கின்றன, பார்க்கலாம். குந்த விடமாட்டார்கள்.

சரி, மின்வெட்டுக்கு வருவோம்.

முதல் வேலை பழையதைக் கழற்றுவது. கதிரையைக் கவிழ்த்து, ஓட்டைக்குள் இறுகிக் கிடந்த நார்த்துண்டையும் முளையையும் ஒவ்வொன்றாக ஆணி வைத்துத் தட்டி எடுத்தேன். முன்பக்கம் முப்பத்தொன்று, பின்பக்கம் இருபத்தைந்து, பக்கத்துக்கு இருபத்தேழு. நூற்றிப்பத்து ஓட்டை. சிலதற்குள் இருந்து கடல் மண் கொட்டியது. கறுப்பாக, மினுங்கிக்கொண்டு. பின்சட்டத்தின் அடியில் உளியால் கொத்திய நாலு கோடு. ஆறில் நாலாவது கதிரை. தச்சர் போட்ட இலக்கம். எழுபது வருசமாக, அதன் மேல் குந்திய ஒருவரும் பார்க்காத இடம்.

நாரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிசம் ஊறப்போட வேண்டும். காய்ந்த நார் முறியும், ஊறிய நார் தோல் வார் மாதிரி வளையும். கோர்த்த நார் நழுவாமல் ஓட்டையில் முளை குத்த வேண்டும். வெள்ளைக்காரன் வீடியோவில் இதற்குக் கோல்ப் விளையாட்டில் பந்து வைக்கிற முளையைக் காட்டுகிறான். கல்முனையில் கோல்பா? வேப்பங்குச்சி சீவினேன். இழையைத் தூக்கி விட, நெல் மூட்டை தைக்கிற சாக்கு ஊசி.

மூலையிலிருந்து தொடங்கினேன். அதுதான் பிழை. கதிரையின் முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். மூலைக்கு மூலை இழுத்தால் இழை எல்லாம் விசிறி மாதிரி சரியும். நான் ஒன்பது இழை போட்டுவிட்டு, குப்பி விளக்கைத் தூக்கி அழகு பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மாமி கறிச்சட்டியோடு வந்தார். ஒலுவில் பக்கத்தில் பிறந்து இங்கே குடிவந்தவர், சின்ன வயசிலிருந்து பன்பாய் இழைத்த கை. சட்டியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்ன மனே, இது சிலந்தி கட்டின மாதிரி இரிக்கி?"

"கதிர பின்றன் மாமி."

"நடுவில பிடிக்காம ஓரத்தில பிடிச்சா கோணாம என்ன செய்யும்? பாயெண்டாலும் கதிரயெண்டாலும் நடுதான் மனே."

கழற்றினேன். முன்சட்டத்தின் நடு ஓட்டை, பின்சட்டத்தின் நடு ஓட்டை. அங்கிருந்து இரண்டு பக்கமும் நேராக. பின்பக்கம் ஓட்டை முடிந்துபோன பிறகு மிஞ்சுகிற முன் ஓட்டைகளுக்குப் பக்கச் சட்டத்தில் பொருத்தமான ஓட்டை தேட வேண்டும். எந்த ஓட்டை என்று எந்த வீடியோவும் சொல்லாது. பக்கத்து இழைக்கு நேராக வருகிறதா என்று கண் சொல்ல வேண்டும்.

முதலில் நெடுக்கு ஒரு சுற்று. அதன்மேல் குறுக்கு ஒரு சுற்று, பின்னாமல் சும்மா மேலே. மறுபடியும் நெடுக்கு, முதல் நெடுக்குக்குக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கி. நாலாவதாக வருகிற குறுக்கில்தான் பின்னல் தொடங்கும், ஒன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ். அதுவரை எல்லாம் தொளதொள என்று கிடந்தது நாலாவதில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மருதமுனைத் தறிக்காரருக்கு இது புதுசில்லை, பாவும் ஊடையும்தான். தறியில் இல்லாதது பிறகு வருகிறது: மூலைவாட்டில் ஒரு சுற்று, எதிர் மூலைவாட்டில் இன்னொரு சுற்று. ஆறும் முடிந்ததும் நடுவில் எட்டு மூலைக் கண் திறக்கும். சதுரமாகக் கிடந்த இடத்தில் அந்தக் கண் விழுகிற நேரம் இருக்கிறதே, சின்னப் பிள்ளை மாதிரி எழும்பி உம்மாவைக் கூப்பிட்டேன். அவர் தஸ்பீஹை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

மூலைவாட்டில் நான் பட்ட பாடு தனி. ஒரு திசையில் போகிற இழை நெடுக்குச் சோடிக்கு மேலாலும் குறுக்குச் சோடிக்குக் கீழாலும் போக வேண்டும். எதிர்த் திசையில் போவது அப்படியே மாறி. தலைகீழாகப் போட்டாலும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இழுத்தால் தெரியும். சரியான வழியில் நார் சோடிகளுக்கு நடுவில் இருக்கிற மூலைக்குள் வழுக்கிக்கொண்டு போய்க் குந்தும். பிழையான வழியில் கடிக்கும், கரகர என்று அரைபடும், ஓரம் நார் நாராய்ப் பிரியும். மாமி இதை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை, நான் இழுக்கிற சத்தத்தைக் கேட்டே அடுக்களையிலிருந்து "புழ மனே, புழ" என்றார்.

விளக்கில் எண்ணெய் முடிந்த ஒரு இரவு அப்படியே இருட்டில் தொடர்ந்தேன். ஆச்சரியம், கண்ணை விட விரல் கெட்டித்தனம். சோடி எங்கே, மூலை எங்கே, தோல் பக்கம் மேலே இருக்கிறதா என்று விரல் நுனிக்குத் தெரிகிறது. உலகத்தில் பல இடங்களில் பார்வை இல்லாதவர்களுக்கு இந்தத் தொழிலைப் பழக்கியது சும்மா இல்லை. இந்தியாவில் அரசாங்கக் கந்தோர்களில் பார்வையற்றோர் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியலில் கதிரை பின்னுவதும் ஒன்று. நாங்கள் கந்தோரில் குந்திக் கையெழுத்து வைத்த கதிரையைக் கண் தெரியாத ஒருவர் எண்ணிப் பின்னியிருக்கலாம்.

ஒன்பது இரவு போனது. கணக்குப் பார்த்தேன், கிட்டத்தட்ட எண்பத்தைந்து மீற்றர் நார் அந்தச் சின்னச் சட்டத்துக்குள். ஈரத்தில் பின்னியது காய்ந்ததும் தானாகவே இறுகிவிட்டது, விரலால் சுண்டினால் றபான் மாதிரி ஒரு ஓசை. முதல் ஒரு மாதம் குந்தும்போதெல்லாம் கிறீச் கிறீச் என்று சத்தம் வரும், இழைகள் ஒன்றோடொன்று இடம் பிடிக்கிற சத்தம் அது. ஒருநாள் நோன்பு திறந்துவிட்டு நான் போய்க் குந்த, அடுக்களையிலிருந்து உம்மா திரும்பிப் பார்க்காமலே, "வாப்பா, தேத்தண்ணி ஊத்தட்டா?" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் கதை பரவிவிட்டது. சம்மாந்துறையிலிருந்து ஒரு சாய்மனைக் கதிரை வந்தது. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வளைமரக் கதிரை, தேத்தண்ணிக் கடைகளில் முந்திக் கிடந்த சாதி. அதன் மூல அச்சு 1859இல் தொனெட் என்ற ஜெர்மன்காரர் வியன்னாவில் செய்தது. மரத்தை ஆவியில் வளைத்து, ஆறே துண்டில் ஒரு கதிரை. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் முப்பத்தாறு கதிரை அடங்குமாம். குந்துகிற இடம் வட்டம், அதற்குள் பிரம்பு. வட்டத்தில் பின்னுவது எனக்கு இன்னும் சரியாக வசப்படவில்லை, நடுவைப் பிடித்தால்கூட ஓரம் ஏமாற்றும். இப்போது ஆயத்தமாகப் பின்னிய பிரம்புத் தாளும் வருகிறது, சட்டத்தில் வாய்க்கால் வெட்டிப் பசை போட்டு அமுக்கிவிடலாம். வேலை ஒரு மணித்தியாலத்தில் முடியும். அவசரக்காரருக்கு அது சரி. ஓட்டை போட்ட கதிரைக்கு அதை ஒட்டாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள். பிக்காசோ 1912இல் பிரம்புப் பின்னல் அச்சடித்த மெழுகுச் சீலையை ஓவியத்தில் ஒட்டினார், உலகம் கொண்டாடியது. அதில் ஆரும் குந்தவேண்டியிருக்கவில்லை.

மாமியின் தூண்டுதலில், பாய் இழைக்கிற பன்னையும் ஒருக்கால் பரீட்சித்தேன். ஐரோப்பாவில் ஏழைகளின் கதிரைக்குப் பிரம்பு இல்லை, சதுப்பில் முளைக்கிற கோரைதான். 1888இல் வான்கோ வரைந்த மஞ்சள் கதிரையில் கிடப்பது அது. ஓட்டை தேவையில்லை, கோரையை முறுக்கிக் கயிறாக்கி நாலு சட்டத்தையும் சுற்றி மூலைமூலையாக உள்ளே வரவேண்டும். பத்தமடைக் கோரையில் லெப்பைமார் பட்டுப் போன்ற பாய் நெய்கிறார்களே, நம்முடைய பன்னில் ஒரு ஸ்டூலாவது முடியாதா என்றுதான் தொடங்கினேன். மாமி பன்னை நனைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி ஒரு இரவு வைத்தார். விடிய நான் முறுக்க, அவர் சுற்றினார். பார்வைக்கு நல்ல வடிவு. ஆனால் நம்முடைய பன் பாய்க்கு மெலிசாகக் கிழித்துப் பழகியது, முறுக்குத் தாங்கவில்லை. ஆறு மாதத்தில் முன்சட்டத்து விளிம்பில் முறிந்தது. "பாய்ல மனுசன் படுக்கணும், குந்தப்படாது" என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். முழுத் தண்டாக, கிழிக்காமல் இன்னொருக்கால் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிரம்புக் கதிரை வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு காரியம். பின்னல் பள்ளம் விழுந்து தொய்ந்தால் உடனே பிய்க்க வேண்டாம். கதிரையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். மேல் பக்கத்துத் தோலில் தண்ணீர் ஏறாது, அடியில்தான் குடிக்கும். பிறகு ஒரு இரவு நிழலில் காயவிடுங்கள், ஆளே குந்தக்கூடாது. இழை அறுந்திராவிட்டால் அனேகமாக இறுகிவிடும். கடற்கரை ஈரக் காற்று பிரம்புக்கு நல்லது. அதைக் கொல்வது வெயில், பூனை நகம், பிள்ளைகளின் முழங்கால், கால்சட்டைப் பைக்குள் கிடக்கிற திறப்புக்கோர்வை. எல்லாவற்றுக்கும் மேல், பல்ப் மாற்றுவதற்குக் கதிரையில் ஏறி நிற்கிற வாப்பாமார். இழை குந்துகிற பாரத்தைப் பங்குபோட்டுத் தாங்கும், ஒரு குதிக்காலைத் தாங்காது.

வாசலில் நின்ற தேக்குக் கதிரைக்கு எட்டு ஆணியையும் நேற்றுக் கழற்றிவிட்டேன். வெடித்த சட்டத்துக்குப் பசை விட்டு இறுக்கிக் கட்டிவைத்தேன். இன்று காலை அவிழ்த்துப் பார்த்தால் ஒன்று பிடித்திருக்கிறது, மற்றது மயிரிழைக்கு வாய் பிளந்து நிற்கிறது, அந்த இடத்தில் ஓட்டையை மூடிப் புதிதாகத் துளைக்க வேண்டும். சொந்தக்காரப் பொடியன் இன்னும் வந்து பெயர்கூடச் சொல்லவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன், பின்சட்டத்தின் அடியில் உளிக் கோடு இரண்டு. அப்படியானால் ஒன்றாவதும் மூன்றாவதும் எங்கேயோ ஒரு வீட்டில் இருக்க வேண்டும். பலகை ஆணியோடோ, கோழிக்கூட்டிலோ.

நார் ஊறப்போட்டு இருபது நிமிசமாகிவிட்டது. அதற்கு மேல் கிடந்தால் நிறம் செத்துவிடும், எழும்ப வேணும்.